அறுபதில் பன்னிரண்டாவது ஜீப்

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மதினி கோபித்துக்கொள்வார். "போன மனுசனைக் கடைத்தெருவுல கொண்டுபோய் நிறுத்துறீங்களா" என்பார். அண்ணன் இறந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. வில்பட்டியில் மலைப்பூண்டு போட்டவர், வாரத்தில் இரண்டு நாள் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்து போனவர் என்று சொன்னாலே கொடைக்கானலில் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும். தெரியட்டும், அதற்கு நான் பொறுப்பில்லை.

அவரை நினைத்தால் முதலில் ஆள் வருவதில்லை, வாசம்தான் வருகிறது. பூண்டும் விறகுப் புகையும் கலந்த வாசம். பனிமூட்டம், எங்கள் ஊர் வாயில் மிஸ்ட், இறங்கிய மத்தியானங்களில் எதிர்க்கடை போர்டுகூடத் தெரியாது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து வாசம் வரும், அப்புறம் குடை வரும், அப்புறம் மப்ளர் சுற்றிய முகம் வரும். கடைசியாகக் குரல். எந்தப் பொருளைக் கண்டாலும் அந்தக் குரலுக்கு ஒரே கேள்விதான். "இது மாதிரி எத்தனை கெடக்கு?" விலையை அவர் முதலில் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

என் கடை ஏரிக்குப் போகிற சாலையில் இருக்கிறது. சாக்லேட், யூக்கலிப்டஸ் தைலம், கம்பளிக் குல்லா என்று ஊரெல்லாம் விற்பதைத்தான் நானும் விற்கிறேன். ஆனால் ஒரு கண்ணாடி அலமாரி மட்டும் தனி. அதில் லிமிடெட் எடிஷன் பொருட்கள். இத்தனைதான் செய்வோம், அதற்குமேல் செய்ய மாட்டோம் என்று சொல்லி, ஒவ்வொன்றிலும் எண் போட்டு விற்கிற பேனா, பீங்கான் தட்டு, பொம்மை வண்டி. மலையேறி வருகிற பணக்காரர்களில் நூற்றில் ஒருவருக்கு இந்தப் பைத்தியம் இருக்கும். அந்த ஒருவரை நம்பித்தான் அலமாரி.

அதில் ஒரு முறை மூன்று ஜீப் வந்தது. பெங்களூரில் நாலு பேர் சேர்ந்து நடத்திய சின்னப் பட்டறை, அப்புறம் அதுவும் மூடிப்போயிற்று. மலைப்பாதையில் ஓடுகிற பழைய ஜீப்பை உள்ளங்கை அளவில் உலோகத்தில் வார்த்திருந்தார்கள். மொத்தம் அறுபது. அறுபது முடிந்ததும் அச்சை உடைத்துவிட்டார்கள். ஒவ்வொன்றும் நாலு பக்கமும் மூடிய அட்டைப்பெட்டியில் இருக்கும். வெளியே ஜீப்பின் படம், வாயில் ஒரு காகித முத்திரை, முத்திரையில் எண். உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் முத்திரையைக் கிழிக்க வேண்டும். கிழித்தால் மதிப்பு போச்சு. எனக்கு வந்த எண்கள் 12, 31, 47.

முப்பத்தொன்றை ஈரோட்டிலிருந்து வந்த புதுமணத் தம்பதி வாங்கினார்கள். கல்யாணம் முப்பத்தொன்றாம் தேதியாம். பெட்டியில் இருப்பது ஜீப்பா பல்செட்டா என்றுகூட அவர்கள் பார்க்கவில்லை.

பன்னிரண்டை வாங்கியவர் இவர். மழைக்கு ஒதுங்கியவர், தோளில் பூண்டுக்கட்டு. பெட்டி மேலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மேலிருந்து சொட்டிய தண்ணீரில் என் மிதியடி ஊறிக்கொண்டிருந்தது. வாங்கப் போகிற மூஞ்சியா இது என்று எனக்கு உள்ளுக்குள் கடுப்பு. அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அறுபது என்றேன். அச்சை உடைத்த கதையைச் சொன்னேன். உடைந்த அச்சின் போட்டோவையும் காட்டினேன்.

"ஒரு அச்சு ஒடஞ்சு கெடக்கு, சரி. இன்னொரு அச்சு இல்லைன்னு யாரு சொன்னா?"

எத்தனையோ வருடமாக இந்த வியாபாரம் செய்கிறேன், எனக்கு ஒரு நாளும் வராத சந்தேகம். அதெல்லாம் நம்பித்தான் வாங்க வேண்டும் அண்ணே என்றேன், கொஞ்சம் வெடுக்கென்றே. அவர் நிதானமாகத் தலையை ஆட்டினார். அப்படியானால் காசு ஜீப்புக்கு இல்லை, நம்பிக்கைக்குத்தான் என்றார். சொல்லிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். சட்டைக்குள் கையை விட்டு, பூண்டு விற்ற பணத்தை எடுத்து வைத்தார். பேரமும் பேசவில்லை. அறுபதுதான் என்று தெரிந்த பிறகு பேரம் பேசினால் நன்றாக இருக்காதாம். அந்தப் படத்தில் அப்படி என்ன கண்டார் என்று நான் கேட்கவில்லை. வாங்குகிறவரிடம் ஏன் வாங்குகிறாய் என்று எந்த வியாபாரி கேட்பான்?

அன்றைக்குப் பிறகு ஸ்டூல் அவருடையதாகிவிட்டது. அலமாரிக்குப் புதிதாக எது வந்தாலும் எண்ணிக்கை கேட்பார். பொருளுக்கு மட்டும் என்றில்லை. குறிஞ்சி பூத்த வருடம் கடையில் நிற்க இடமில்லை, சாலை முழுக்கக் கார். அவர் அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே, வருடா வருடம் பூத்தால் இதை ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான் என்றார். பன்னிரண்டு வருடம் வெளியே வராமல் கிடப்பதற்கு அந்தச் செடிக்கு என்ன தைரியம் என்று வெகுநேரம் வியந்துகொண்டிருந்தார். இன்னொரு நாள், இந்தத் தெருவில் எல்லோரும் ஒரே சரக்கை விற்கிறார்கள், யார் என் கடைக்கு வருவார்கள் என்று நான் புலம்பினேன். "சாக்லேட்டுக் கடை நூறு கெடக்கு தங்கச்சி. மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு விக்கிற கடை ஒண்ணே ஒண்ணுதான் கெடக்கு. வருவாக" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு வருடம் அவருக்கே ஒரு யோசனை வந்தது. யோசனை என்றா சொல்வது, சபலம். தோட்டத்தில் இருந்ததிலேயே நல்ல பூண்டாகப் பொறுக்கி நாற்பது கட்டு கட்டினார். சிவப்பு நூல் சுற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை, அட்டையில் பேனாவால் எண். இந்த வருடம் நாற்பது கட்டு மட்டும் என்று நான் போர்டு எழுதி வைத்தேன். மூன்றே நாளில் போய்விட்டது. சந்தை விலையைப் போல மூன்று மடங்கு. சென்னைக்காரம்மா ஒருத்தர் ஏழாம் எண் வேண்டும் என்று நின்றார். ஏழு போய்விட்டது, எட்டு இருக்கிறது என்றேன். எட்டு வேண்டாமாம். அடுத்த வருடத்து ஏழை எடுத்துவைக்கச் சொல்லி போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போனார். நாற்பதாவது கட்டு கடைசி என்பதால் அதற்கு இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள்.

மறுநாள் வெள்ளனே, நான் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே வந்து நிற்கிறார். முகம் சரியில்லை.

"நாப்பதாவது கட்டு எங்க தோட்டத்துப் பூண்டு இல்ல. முப்பத்தொம்பதோட நல்ல பூண்டு தீந்துபோச்சு. எண்ணு நெறையணுமேன்னு கீழ சந்தையில வாங்குனதைக் கட்டிட்டேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இருந்ததிலேயே மட்டமான பூண்டுக்குத்தான் அடிதடி நடந்திருக்கிறது! அவர் சிரிக்கவில்லை. வாங்கியவர் போனில் பணம் அனுப்பியிருந்ததால் அவர் நம்பர் என்னிடம் இருந்தது. போட்டுக் கொடுக்கச் சொல்லி, என் எதிரிலேயே நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார், வேறு பூண்டு அனுப்புகிறேன் என்றார். அந்தப் பக்கத்தில் அந்த மனிதர் பெருந்தன்மையாக, அதெல்லாம் வேண்டாம் ஐயா, அதைச் சமைக்கப் போவதில்லை, ஹாலில் மாட்டியிருக்கிறோம் என்றார். இவர் போனை என்னிடம் நீட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். திங்க மாட்டாங்களாம், திங்க மாட்டாங்களாம் என்று இரண்டு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் நூறு கட்டு போடலாம் அண்ணே என்று நான் கெஞ்சினேன். நானென்ன சாமியாரா, நல்ல லாபம் வந்த சரக்கு. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நூறு என்றால் யார் வாங்குவான், நாற்பது என்றால்தான் வாங்குவான். நாற்பதுக்கு மேல் நல்ல பூண்டு விளைந்தாலும் அதை மறைக்க வேண்டிவரும். விளைந்த பூண்டை மறைத்து வைக்கத் தன்னால் ஆகாது என்றார். போர்டை அவரே கழற்றிக்கொண்டு போனார். அதன் பின்பக்கத்தில் தோட்டத்துத் தண்ணீர் முறையை எழுதி மாட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்படி ஜீப்பை வாங்கி ஆறு வருடம் ஓடியிருந்தது. அப்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டாக்டர் கூப்பிட்டார். அந்த அறுபது ஜீப்பில் பதினொன்றும் பதிமூன்றும் அவரிடம் இருக்கின்றனவாம். நடுவில் பன்னிரண்டு மட்டும் இல்லை. என் கடையில் விற்றது என்று யார் மூலமோ துப்புக் கிடைத்திருக்கிறது. அவர் சொன்ன தொகையைக் கேட்டு நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மற்ற எண்ணுக்கு அதில் நாலில் ஒரு பங்குகூடத் தர மாட்டார். நாற்பத்தேழு இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டதற்கு, அதை வைத்து நான் என்ன செய்ய என்றார்.

அந்த நேரத்தில் என் நிலைமை அப்படி. சீசனுக்கு முன்னால் பெரிய அட்வான்ஸ் கொடுத்தால் கடை, இல்லாவிட்டால் காலி செய் என்று கட்டடக்காரர் சொல்லிவிட்டார். இந்த விற்பனையில் எனக்குக் கமிஷன் வந்தால் கடை நிற்கும், வராவிட்டால் நிற்காது. ஒளிவுமறைவில்லாமல் இவரிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏரி எங்கே தெரிந்தது, வெறும் வெள்ளைதான். பிறகு, பெட்டிதானே, கொடுத்துவிடலாம், கடை நிற்கட்டும் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம்தான் பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பரண்லதான். வெதப்பூண்டோட."

தலையில் கை வைத்துக்கொண்டேன். மேல்மலைக் கிராமங்களில் விதைப்பூண்டைக் கட்டுக்கட்டாக அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவார்கள். நாள்தோறும் விறகுப் புகை பட்டால்தான் அடுத்த நடவு வரை பூச்சி விழாமல், பூஞ்சை பிடிக்காமல் நிற்கும். வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான். பீரோவில் வைத்தால் இந்த ஊர் ஈரத்தில் துணிகூடப் பச்சை பூத்துவிடும். அவருக்குத் தெரிந்ததில் உசத்தியான இடத்தை அந்தப் பெட்டிக்குக் கொடுத்திருக்கிறார், என்ன செய்வது. டாக்டரிடம் மறைக்காமல் சொன்னேன். அட்டை பழுத்திருக்கும், வாசம் அடிக்கும் என்றேன்.  முத்திரை பிரியவில்லையே என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் வருகிறேன் என்றார்.

அந்தக் காலை எனக்குக் கனவு போலத்தான் நினைவிருக்கிறது. வில்பட்டிக்குப் போகிற வழி முழுக்க மிஸ்ட். டாக்டரின் கார் நகர்கிறதா, நிற்கிறதா என்றே தெரியவில்லை. கேரட் மூட்டை சுமந்த ஒருவர் திடீரென்று முளைத்து, திடீரென்று இல்லாமல் போனார்.  டாக்டர் மடியில் வெள்ளைக் கையுறையை வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். நல்ல மனிதர். 

வீட்டுக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே பூண்டுக்கட்டுகள் புகைக்குள் அசையாமல் தொங்கின. அவர் ஏறி பெட்டியை இறக்கினார். அட்டை வெல்லத்தின் நிறத்துக்குப் போயிருந்தது. ஆனால் முத்திரை அப்படியே இருந்தது, பன்னிரண்டு பளிச்சென்று தெரிந்தது. டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு வாங்கினார், முகர்ந்து பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். இந்த வாசத்தோடு இன்னொன்று உலகத்தில் இருக்காது என்றார். சொன்ன தொகையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. நான் மனதுக்குள் கட்டடக்காரரிடம் அட்வான்ஸைக் கொடுத்து, ரசீதும் வாங்கிவிட்டேன்.

மதினி கடுங்காப்பி கொண்டுவந்தார். அவர் மனைவி, நான் அவரை அண்ணே என்பதால் எனக்கு மதினி. அதிகம் பேசாதவர். டம்ளரை டாக்டர் பக்கம் நகர்த்திவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆறு வருசமா வெதப்பூண்டோட இதுக்கும் பொகை போட்டிருக்கேன். வீட்டுல போயித் தொறந்ததும் ஒரு போட்டோ அனுப்புவீங்களா?"

டாக்டர் தர்மசங்கடமாகச் சிரித்தார். "நான் திறக்க மாட்டேன்மா. திறந்தா மதிப்பு போயிடும்."

"ஒங்களுக்கு அடுத்து வாங்குறவுக?"

"அவங்களும் திறக்க மாட்டாங்க."

"அப்ப இதை யாருமே பாக்க மாட்டாகளா?"

குறையாகச் சொல்லவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்கிற மாதிரி கேட்டார்.  அப்போது இவர் குறுக்கே, உங்களிடம் இருக்கிற மற்ற இரண்டையாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லைங்க என்றார் டாக்டர். இவர் மதினியை ஒரு நிமிடம் பார்த்தார். ஏதோ கணக்குப் போடுகிறார் என்றுதான் நினைத்தேன். டாக்டர் கையிலிருந்து பெட்டியை மெதுவாக, மரியாதையாக வாங்கினார். பூண்டுத் தாள் நறுக்குகிற கத்தி பக்கத்தில் கிடந்தது.

"அண்ணே, என் கடை" என்றேன்.

"தெரியும் தங்கச்சி" என்றார், கத்தியை நிறுத்தாமல்.

முத்திரை கிழிந்த சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் எழுந்து வெளியே போய்விட்டேன். முற்றத்தில் அந்த வெள்ளைக்குள் நின்று அழுதேன். அவ்வளவு ஆத்திரம். ஒரு மனுசனை நம்பினேனே, என் வயிற்றில் அடித்துவிட்டாரே என்றுதான் ஓடியது. உள்ளேயிருந்து அட்டை பிரிகிற சத்தம் வந்தது. பிறகு மதினி சிரிக்கிற சத்தம் வந்தது. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. திரும்பிப் பார்க்க எனக்கு மனமில்லை, நேராகப் போய் காரில் உட்கார்ந்துகொண்டேன்.

திரும்புகிற வழியில் டாக்டர்தான் சொன்னார். ஆறு வருடப் புகைச் சூட்டில் நாலு ரப்பர் டயரும் இளகி வண்டியின் அடித்தட்டோடு ஒட்டிப்போயிருந்தனவாம். கல்யாணம் ஆன புதிதில், இவர் அதே நிறத்தில் ஒரு ஜீப்புக்கு டிரைவராக இருந்திருக்கிறார். பாச்சலூரிலிருந்து பெண்ணைக் கூட்டிவந்தது அதில்தான். வழியில் ஒரு வளைவில் டயர் வெடித்து, கல்யாணப் புடவையோடு மதினி இறங்கித் தள்ளியிருக்கிறார். டயர் போன பொம்மையைப் பார்த்ததும், இன்னிக்கும் நான்தான் தள்ளணுமா என்று சொல்லித்தான் அந்தச் சிரிப்பாம். ஆறு வருடம் என் ஸ்டூலில் உட்கார்ந்தவர் இதை என்னிடம் சொன்னதில்லை. நாங்கள் எத்தனை என்றே பேசிக்கொண்டிருந்தோம், ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. டாக்டருக்குக் கோபமே இல்லை. இனிமேல் பிரிக்காதது ஐம்பத்தொன்பதுதான் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் இவர் கடைக்கு வந்தார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். இன்னொரு நாளும் வந்தார், அன்றும் அப்படித்தான். மூன்றாம் தடவை வரவில்லை.

இதற்குள் டாக்டர் இந்தக் கதையைத் தன் சகாக்களிடம் சொல்லியிருக்கிறார். சேகரிக்கிறவர்களுக்குள் ஒரு வட்டம் உண்டு, ஒன்று தெரிந்தால் எல்லோருக்கும் தெரியும். கொடைக்கானலில் ஒரு விவசாயி பன்னிரண்டாம் எண்ணைக் கத்தியால் பிரித்துவிட்டாராம் என்று பரவிவிட்டது. ஆறு வருடமாக ஒருவரும் திரும்பிப் பார்க்காத நாற்பத்தேழுக்கு ஒரே வாரத்தில் மூன்று போன்! ஒன்று குறைந்தது, குறைந்ததற்கு ஒரு கதையும் இருந்தது, அவ்வளவுதான் காரணம். கடைசியில் மும்பைக்காரர் ஒருவர் எடுத்தார். எனக்கு வர வேண்டியிருந்த கமிஷனைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. அட்வான்ஸைக் கட்டினேன். பார்சல் கட்டும்போது முத்திரையின் ஓரத்தில் என் நகம் போய் நின்றது, பொய் சொல்ல மாட்டேன்.  பிறகு மேலே பிரவுன் பேப்பரைச் சுற்றி டேப் ஒட்டினேன்.

மறுநாள் வில்பட்டிக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். அவர் வாசலில் விதைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான், கடை நின்றதா என்று. நின்றது அண்ணே என்றேன். நாற்பத்தேழு விற்ற கதையைச் சொன்னேன், பேசாமல் இருந்ததற்கு மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன். மன்னிப்பு அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"அதைக் குடுக்கறதுக்கு முந்தி பிரிச்சுப் பாத்தீங்களா?"

இல்லை என்றேன். என்னைப் பார்த்தார். கோபமில்லை அது. என் மேல் இரக்கப்பட்டார். அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். மதினி முந்தானையில் துடைத்துக்கொண்டே அந்த ஜீப்பைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். டயர்கள் சப்பையாக ஒட்டிக் கிடந்தன. மேல் பச்சை மட்டும் புத்தம் புதிதாக மின்னியது. அழகாக இருக்கிறது மதினி என்றேன். இருங்க என்று சொல்லி, மதினி முன்பக்கத்தில் நகத்தை விட்டு நெம்பினார். பானெட் திறந்தது. உள்ளே அரிசி அளவில் ஒரு எஞ்சின், அதற்கு ஒரு சிவப்பு மூடி, மயிரிழை கனத்தில் இரண்டு ஒயர். பெட்டியில் எங்கேயும் இதை எழுதியிருக்கவில்லை. செய்தவன் யாரிடமும் சொல்லாமல் செய்து உள்ளே வைத்து மூடியிருக்கிறான்.

மூன்று பெட்டி விற்றவள் நான். பானெட் திறக்கும் என்று எனக்குத் தெரியாது.